முன்னோர் பெயரும் நில உரிமையும்

நிலமுடையோர் தம் பாட்டன் பெயரைப் பழைய பட்டாவிலே காண்பர். நிலமின்றிச் சேரியில் உழைத்த நம் முன்னோரை எங்கே தேடுவது?

விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காட்டு வட்டங்களாயிருந்த நாளில், 1860 முதல் 1911 வரை, சென்னை, கல்கத்தாத் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ 1,52,000 பேர் தென்னாப்பிரிக்க நேட்டால் தோட்டங்களுக்குக் கூலிகளாய்க் கப்பலேறினர். தென்னார்க்காட்டாரும் அவருள் உளர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் யாவும் கப்பற் பட்டியலில் ஏறின. பிறந்த ஊர் எழுதாத பெயரைக் கப்பல் எழுதிற்று!

ஊரிலே தங்கியோர்க்கும் சான்றுண்டு. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையையொட்டி, ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்க 1892இல் அரசு ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். அதைப் பிற வகுப்பார்க்கு விற்றல் செல்லாது.

இளைஞர்களே! வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நிலப் பதிவேட்டைக் கேளுங்கள். ‘டி.சி. நிலம்’ என்னும் குறிப்பின் அருகே நம் பாட்டன் பெயர் இருக்கக்கூடும். அப்பெயரை அறிவது பெருமைக்காக மட்டுமன்று; பறிபோன நிலத்தைக் கேட்கும் உரிமைக்காகவும் ஆகும்.