மரத்துப்போகும் கை: ஒரு சிறு வரலாறு

கார்பல் டனல் சிண்ட்ரோம் என்றதும் பலருக்கும் கீபோர்டும் மவுசும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நோய் கம்ப்யூட்டரை விட வயதில் மிகவும் மூத்தது.

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான நாருக்கும் நடுவில் குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். கட்டை விரலிலிருந்து மோதிர விரல் வரை மரத்துப்போகும், சுண்டு விரல் தப்பிவிடும். இரவில் தூக்கம் கலையும், கையை உதறினால் கொஞ்சம் தேவலை.

1854-ல் ஜேம்ஸ் பேஜட் இதை எழுதி வைத்தார். 1880-ல் பாஸ்டனில் ஜேம்ஸ் புட்னம் 37 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் பெண்கள். ரத்த ஓட்டத்தில்தான் கோளாறு என்று அவர் நினைத்தார். 1913-ல் பிரான்சில் மாரியும் ஃபுவாவும் இறந்த ஒருவரின் கையை ஆராய்ந்து, நரம்பு நசுங்கியிருப்பதைக் கண்டார்கள். அந்த நாரை வெட்டிவிட்டால் போதுமே என்றும் சொன்னார்கள். லியர்மந்த் செய்த அப்படிப்பட்ட ஆபரேஷன் 1933-ல் வெளிவந்தது. பேஜட்டிலிருந்து கணக்கிட்டால் 79 வருடம்!

ஜார்ஜ் ஃபேலன் 1966-ல் 654 கைகளின் விவரத்தை வெளியிட்டார். வேலை இதற்கு முக்கியக் காரணம் இல்லை என்பது அவர் கருத்து. ஆனால் 2010-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு இதைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நீண்ட காலம் திரும்பத் திரும்ப அழுத்திச் செய்யும் வேலை, அதிர்வு, மணிக்கட்டை அதிகம் வளைப்பது ஆகியவை காரணங்கள்.

இதைத் திருச்சியோடு பொருத்திப் பாருங்கள். உறையூரில் தறியும் சுருட்டும். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே திருச்சி சுருட்டு வருகிறது. சுற்று வட்டாரத்தில் செயற்கை வைரம் பட்டை தீட்டும் தொழில். ஸ்ரீரங்கத்தில் வாழைநாரில் பூக் கட்டும் கைகள். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலைகள் எல்லாமே விரலை நம்பியவைதான். கை மரத்தால் "வாயு" என்று தைலம் தேய்த்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம் ஆகியவற்றிலும் இது வரும். ஆரம்பத்திலேயே பார்த்தால் இரவில் மணிக்கட்டுப் பட்டை, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் சின்ன ஆபரேஷன். தள்ளிப்போட்டால் கட்டை விரல் அடியிலுள்ள சதை சூம்பிப்போகும். அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

வீட்டில் யாராவது ராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழுந்தால், "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.