மேட்டூரில் அடங்கும் மனிதகுலம்

மனித தேகத்தின் கனஅளவை அறிய ஆர்க்கிமிடீசின் குளியல் தொட்டி வேண்டாம், தராசு போதும். எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிணறுகளில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகும் பிள்ளைகளுக்கே சூட்சுமம் தெரியும். மூச்சை இழுத்தால் உடல் மிதக்கிறது. முழுக்க விட்டால் பெரும்பாலும் அமிழ்கிறது. ஆக, நமக்கும் தண்ணீருக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே. 60 கிலோ மனிதர் என்றால் சுமார் 60 லிட்டர்.

இந்தக் கணக்கோடு சரித்திரத்தைப் புரட்டினேன். இராஜராஜ சோழன் திருவிசலூரில் துலாபாரம் ஏறினான். பொன்னோ தண்ணீரைப் போல் 19 மடங்கு கனமானது. 60 கிலோ ஆளுக்கு ஈடான பொன் 3 லிட்டர்ச் செம்பில் ஏறக்குறைய அடங்கிவிடும்!

அடுத்து மேட்டூர். 1925-ல் தொடங்கி 1934-ல் திறக்கப்பட்ட அணை. கொள்ளளவு 9,347 கோடி கன அடி. உலக ஜனத்தொகை 2022-ல் 800 கோடியைத் தொட்டது. குழந்தைகளையும் சேர்த்துத் தலைக்கு 50 கிலோ என்று வைத்தால், மொத்தக் கனஅளவு சுமார் 1,400 கோடி கன அடிதான். மனிதகுலம் முழுவதும் இறங்கினாலும் ஏரியில் ஆறில் ஒரு பங்கு நிரம்பாது.

அந்த ஏரிக்காகச் சில கிராமங்கள் காலியாயின. ஆயிரம் பேர் கொண்ட ஊர் என்றால் 50,000 லிட்டர். ஒரு பாசனக் கிணறு போதும். அவர்கள் விட்டுவந்த வயலும் வாசலும் எந்தக் கிணற்றில் அடங்கும்? தண்ணீர் வெகுவாக இறங்கும் கோடைகளில் பண்ணவாடியருகே ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தலைநீட்டுகிறது. ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.