கொச்சுஜாங் பிஸ்கட்டும் காலிச் சாடியும்

கொரியாக்காரர்கள் சோற்றோடு பிசைந்து சாப்பிடும் மிளகாய் விழுதுக்குக் கொச்சுஜாங் என்று பெயர். ‘கொச்சு’ என்றால் மிளகாய். ‘ஜாங்’ என்பது சோயா மொச்சையைப் புளிக்க வைத்துச் செய்யும் விழுதுகளுக்கும் சாறுகளுக்கும் பொதுப்பெயர். நல்ல சிவப்பு நிறம், பாகு போன்ற பதம். நாக்கில் வைத்தால் முதலில் லேசான இனிப்பு, பிறகு உப்பு, கடைசியில் காரம். இந்த விழுதை வெண்ணெய், சர்க்கரை போட்ட பிஸ்கட் மாவில் கலந்து சுடுவது சில ஆண்டுகளாகப் பல நாடுகளில் பரவி வருகிறது. எங்கள் வீட்டிலும் பேத்தி இரண்டு முறை சுட்டுவிட்டாள்.

கடற்கரைச் சாலையில் என்னோடு மாலை நடை வரும் நண்பரிடம் ஒன்றை நீட்டினேன். காரா பிஸ்கட்டை விரும்பிச் சாப்பிடுகிறவர்தான். ஆனால் இது இனிப்பு என்றதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “பாட்டன் காலத்துச் சாமானை எடுத்துக் கேக் மாவில் கொட்டுகிறார்களா? அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு வயிறு எரியாதா சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கோப்பைப் புரட்டிப் பார்க்காமல் குறிப்பு எழுத வராது. ஆகவே கொரியாவின் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன்.

முதல் பக்கத்தில் மிளகாயே இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அங்கே போனபிறகுதான் மற்ற உலகம் அதைக் கண்டது. போர்ச்சுகீசியர் அதைக் கப்பலில் கிழக்கே கொண்டுவந்தார்கள். அவர்கள் ஜப்பானில் கால்வைத்தது 1543இல். 1592 முதல் 1598 வரை ஜப்பான் கொரியாமீது படையெடுத்தது. அந்தப் போர்க் காலத்தை ஒட்டி ஜப்பான் வழியாக மிளகாய் கொரியாவுக்குள் வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அதற்கு முன்பே கொரியாவில் ஒரு வகை மிளகாய் இருந்தது என்று வாதிடும் கொரிய ஆய்வாளர்களும் உண்டு.

1614இல் யீ சூக்வாங் என்ற அறிஞர் ‘ஜிபோங் யூசோல்’ என்ற நூலை எழுதினார். அதில் மிளகாயைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. ஜப்பானிலிருந்து வந்ததால் மக்கள் அதை ‘ஜப்பான் கடுகு’ என்று அழைக்கிறார்கள், மிகுந்த நஞ்சு, சாராயக் கடைக்காரர்கள் அதை வளர்த்துச் சாராயத்தோடு விற்கிறார்கள், குடித்தவர்களில் பலர் இறந்துபோனார்கள் என்பது அதன் சாரம். இன்று கொரியாவின் அடையாளமாக இருக்கும் பொருள், நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆளைக் கொல்லும் விஷமாகப் பதிவாகியிருக்கிறது!

இந்தப் பெயர் விஷயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த ஒன்று. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் ‘புவாவ்ர்’ என்றால் மிளகு, ‘பிமான்’ என்றால் மிளகாய். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீட்டுக்கு வந்தால் மிளகு, மிளகாய். மிளகு போலக் காரமுள்ள காய், அதனால் மிளகாய். புதிதாக வந்தது பழையதன் பெயரை ஒட்டிக்கொண்டது. கொரியாவிலும் இதே கதைதான். அவர்கள் முன்பு பயன்படுத்திய மலைமிளகு போன்ற ஒரு காரப் பொருளைக் குறிக்கும் சீன எழுத்தைத்தான் மிளகாய்க்கும் வைத்து எழுதினார்கள். வந்தேறிக்கு வீட்டுக்காரரின் பெயர் கிடைத்தது. கொஞ்ச காலத்தில் வீடே அதற்குச் சொந்தமாகிவிட்டது.

கொச்சுஜாங்குக்குப் பேர்போன ஊர் தென்மேற்கே உள்ள சுன்சாங். ஜோசன் வம்சத்தை 1392இல் நிறுவிய அரசர் இந்த ஊர்ப் பக்கம் வந்தபோது ஒரு குடியானவர் வீட்டில் கொச்சுஜாங் சாப்பிட்டார். ருசி மறக்காமல் அரண்மனைக்கு அனுப்பச் சொன்னார் என்று கதை சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் கொலம்பஸ் புறப்படுவதற்கு நூறு ஆண்டு முன்னால் மிளகாய் விழுது எங்கிருந்து வந்திருக்கும்? அந்த அரசர் சாப்பிட்டது மிளகாய் இல்லாத வேறொரு ஜாங்காக இருக்கலாம். ஊர்ப்பெருமைக்குத் தேதி பார்க்கத் தெரியாது. இது எல்லா ஊருக்கும் பொது.

சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி வேறொரு அரசரிடம் இருக்கிறது. 1724 முதல் 1776 வரை, 52 ஆண்டுகள் ஆண்ட யோங்ஜோ. அரசரின் செயலகத்தில் அன்றாடம் நடப்பதையெல்லாம் எழுத்தர்கள் நாட்குறிப்பாக எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. (நம் இனத்தவர் செய்த வேலை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) வயதான காலத்தில் அரசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொச்சுஜாங் இருந்தால்தான் இரண்டு வாய் உள்ளே போகும். அரண்மனையில் செய்ததைவிட, சுன்சாங்கைப் பூர்வீகமாகக் கொண்ட ஓர் அதிகாரி வீட்டுக் கொச்சுஜாங்தான் அவருக்கு ருசித்தது என்று எழுத்தர்கள் குறித்திருக்கிறார்கள். 81 வயது வரை வாழ்ந்தார். விஷம் என்று எழுதி நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அது அரசரின் மருந்தாகிவிட்டது.

1766இல் யூ ஜுங்-இம் என்பவர் விரிவுபடுத்தி எழுதிய வேளாண்மை, வீட்டுக்குறிப்பு நூல் ஒன்றில் இதன் செய்முறை இருக்கிறது. அவர்கள் படிக்கணக்கில் பார்த்தால், சோயா மொச்சைத் தூள் 100 பங்குக்கு மிளகாய்த்தூள் 3 பங்கு, ஒட்டும் அரிசி மாவு 10 பங்கு. அதாவது அன்றைய கொச்சுஜாங் பெரும்பாலும் மொச்சைதான். மிளகாய் ஊறுகாய்க்குப் பெருங்காயம் போலத்தான். இன்றுள்ள சிவப்பும் இனிப்பும் பிறகு படிப்படியாக ஏறியவை. ஆகவே நண்பர் சொன்ன ‘பாட்டன் காலத்துச் சாமான்’ ஒவ்வொரு பாட்டன் காலத்திலும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

மரபான செய்முறையைச் சொன்னால் நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே புரியும். சோயா மொச்சையை வேகவைத்து இடித்துக் கட்டிகளாகப் பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோலிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதில் குடியேறிப் புளிக்க வைக்கும். பிறகு காயவைத்துத் தூளாக்குவார்கள். நம் கவுனி அரிசி போல ஒட்டும் அரிசியைக் கஞ்சியாக்கி, முளைகட்டிய பார்லித் தூளைச் சேர்ப்பார்கள். முளையில் உள்ள சத்து அரிசியின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். கொச்சுஜாங்கின் இனிப்பு இங்கிருந்து வருவதுதான். இதோடு மொச்சைத் தூள், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து மண்சாடியில் நிரப்பி வெயில் படும் மேடையில் வைப்பார்கள். நல்ல வெயிலில் மூடியைத் திறப்பதும், மழை இருட்டினால் ஓடிப்போய் மூடுவதும் மாமியார் மருமகள்களின் வேலை. குறைந்தது ஆறு மாதம் பக்குவமாகும். புதுவையில் மாடியில் வடகம் காயவைத்துக் காக்கை ஓட்டிய தலைமுறைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இனி பிஸ்கட்டுக்கு வருவோம். கொரியப் போர் ஓய்ந்த 1953இல், சியோல் நகரின் சிந்தாங் பகுதியில் மா போக்-ரிம் என்ற பெண்மணி, அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகளைக் கொச்சுஜாங்கில் போட்டு விற்கத் தொடங்கினார். அதுவரை அந்தப் பண்டம் சோயா சாறில் செய்யப்பட்டது. இன்று ‘தொக்பொக்கி’ என்றாலே சிவப்பாக, இனிப்பும் காரமுமாகத்தான் இருக்கும். அது மரபுக்கு விரோதம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்தியபிறகு கொரியர்கள் பெருமளவில் அங்கே போனார்கள். போன இடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்போடு அவனும் இருந்தது. அட்லாண்டாவில் வளர்ந்த கொரியக் குடும்பத்துப் பிள்ளை எரிக் கிம், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் 2022 இறுதியில் கொச்சுஜாங் குக்கீயின் செய்முறையை எழுதினார். அங்கிருந்துதான் அது எங்கள் பேத்தியின் கைப்பேசி வரை வந்தது. விழுதிலேயே இனிப்பு இருந்ததால் அது சர்க்கரையோடு சண்டை போடவில்லை. தம் வீட்டுச் சாடியில் இருந்ததை அவர் தாம் வாழும் ஊரின் பண்டத்தில் போட்டார். சிந்தாங் அம்மையார் செய்ததும் அதையேதான்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, கொரியாவின் ஜாங் தயாரிக்கும் வழக்கத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூட்டம் நடந்தது பராகுவே நாட்டில், மிளகாயின் தாய்வீடான தென் அமெரிக்காவில். அவர்கள் பட்டியலில் சேர்த்தது ஜாங் செய்யும் அறிவையும் நம்பிக்கைகளையும் பழக்கத்தையும். எதில் போட்டுச் சாப்பிட வேண்டும் என்று விதி எழுதவில்லை. கொரியர்கள் பெரும்பாலோர் இன்று அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். சாடி வைக்க மேடை இல்லை. கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விழுது கிடைக்கிறது. பிஸ்கட்டில் போடுவதால் கொச்சுஜாங் அழியாது. சாடி காலியாகி, அதை நிரப்பத் தெரிந்த கை இல்லாமல் போனால் அழியும்.

சுட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எங்கள் வீட்டு அளவு: வெண்ணெய் 110 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை ஒன்று, மைதா 180 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. இது மாவு. தனியாக ஒரு மேசைக்கரண்டி கொச்சுஜாங், இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் மூன்றையும் குழைத்துக்கொள்ளுங்கள். இதை மாவில் அங்கங்கே வைத்து இரண்டு மூன்று சுற்று மட்டும் கிளறுங்கள். முழுவதும் கலந்தால் சிவப்புக் கோடுகள் மறைந்து, காரம் எங்கும் ஒரே மாதிரி மந்தமாகிவிடும். விழுதிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம். உருண்டைகளை நன்றாக இடைவெளி விட்டு வைத்து, 175 டிகிரியில் 11 முதல் 13 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றிருக்கும், ஆறினால் ஓரம் மொறுமொறுப்பாகும். காரம் உடனே தெரியாது. விழுங்கியபின் தொண்டையில் மெல்ல எழும். நம்மைப் போலச் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கூடவே ஒன்று. வடகம் போடத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், வரும் சித்திரை வெயிலில் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஈடாவது போடச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்கள் அதைப் பிஸ்கட்டில் போட்டாலும் போடட்டும்.