பேரிமரம் தேடிய குளிர்

1869ஆம் ஆண்டில் தலைகாட்டிய இலைத்துரு நோயினால் இலங்கை மலைநாட்டுக் காப்பி மாண்டது. அதே மலையில் வெள்ளைக்காரர் கொணர்ந்து வைத்த மற்றொரு விருட்சம், எவருக்கும் பெருந்திரவியம் ஈட்டித் தராத ஒரே காரணத்தால், சரித்திரக்காரர் கண்ணில் படாமலே நின்றுவிட்டது. அதுதான் பேரிமரம்.

ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் குளிரைக் கண்டு தாய்நாடே எதிரில் வந்ததெனக் களித்து, 1848ஆம் ஆண்டில் ஆட்களோடும் மாடுகளோடும் விதைகளோடும் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், உருளைக்கிழங்கைப் புழுவுக்குப் பறிகொடுத்த பின்னரே இவ்வூர் மண் வேறு என்று கண்டார். பேரிமரமோ, குளிரே வேறு என்று காட்டிற்று. சீமைப் பேரியின் மொட்டு, பல நூறு மணி நேரம் கடுங்குளிரில் உறங்கினாலன்றி ஒழுங்காக விழிக்காத சுபாவம் உடையது. இங்கோ தை மாதத்து விடியலில் கொழுந்தைக் கருக்கும் உறைபனிகூட, வெயில் ஏறியதும் மாயமாகிவிடும். ஆகவே ஒரே மரத்தில் ஒரு கிளை பூக்க, மறு கிளை இலையோடு சும்மா நிற்கும்.

இத்தகைய இளங்குளிருக்கு ஏற்றது சீனத்து மணற்பேரியின் வம்சமே. பிலடெல்பியாவின் புறத்தே ராக்ஸ்பரோவில் நாற்றுப்பண்ணை நடத்திய பீட்டர் கீஃபர் என்பவர், அழகுக்காக வளர்த்த மணற்பேரியின் விதையிலிருந்து 1863ஆம் ஆண்டளவில் ஒரு கன்று முளைத்தது. அயலில் நின்ற பார்ட்லெட் என்னும் சீமைப் பேரியின் மகரந்தம் அதிற் கலந்திருக்க வேண்டும் என்பர். 1876ஆம் ஆண்டு அந்நகரப் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட அக்கனி, பின்னர் அவர் பெயராலேயே பிரசித்தமாகி, கடல் கடந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்து இன்றளவும் காய்க்கிறது.

நம் மலைப் பேரிக்காயும் குணத்தில் அதற்கு உறவுதான். கல் போன்ற கடினம். பற்களிடையே மணல் நெருடுவது போன்ற ஓர் உணர்வு. அந்த நெருடலுக்குக் காரணம், சதையில் கொத்துக் கொத்தாக இறுகிக் கிடக்கும் கல்லணுக்கள். மரத்திலேயே பழுக்க விட்டால் உள்ளிருந்து அழுகும் இயல்பும் பேரிக்கு உண்டாதலால், காயாகப் பறித்தே வைக்க வேண்டும். சீமைக் கனியின் வெண்ணெய் மென்மையை இதில் தேடி இகழ்வோர் உளர். அது நியாயமன்று என்பேன். கறுவாப்பட்டையும் சீனியும் இட்டு வேகவைத்தால் மற்ற மென்கனிகள் குழைந்துபோகையில், இது உருக்குலையாமல் செந்நிறம் கொள்ளும்.

தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமையில்லை. காயைப் படிக்கல்லில் ஓங்கித் தட்டிப் பிளந்து, உப்பும் கொச்சிக்காய்த்தூளும் தொட்டு, சாறு முழங்கைவரை வழிய, அப்படியே கடிக்கிறார்கள்.