யம் எமனான காலம்

2006-ல் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். முப்பது பெண்டியம் 4 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 512 எம்பி ரேம், ஃபெடோரா லினக்ஸ். மென்பொருள் நிறுவ 'யம் இன்ஸ்டால்' என்று அடித்துவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் கர்சர் அதே இடத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும். தமிழ்ப் பையன்கள் அதை எமன் என்றார்கள். பாகாலாவில் ரயிலேறி வரும் தெலுங்குப் பையன்கள் யமுடு என்றார்கள். இரண்டு பாஷைக்கும் பொருந்திய பட்டப்பெயர்.

அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தவன் எமனைத் திட்டமாட்டான். 1995-ல் ரெட் ஹேட் கொண்டுவந்த ஆர்பிஎம், கையில் கொடுத்த பேக்கேஜை நிறுவும். அதற்குத் துணையாக வேண்டிய மற்றவற்றைத் தேடித் தராது. ஒன்றைப் போட்டால் மூன்று கேட்கும், அந்த மூன்றும் ஆளுக்கு இரண்டு கேட்கும். சி.டி. சி.டி.யாக மாற்றி மாற்றித் தேடவேண்டும். டெபியன்காரர்களுக்கு 1999-லேயே ஏபிடி வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆர்பிஎம் பக்கத்தில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் சேத் விடாலும் அவருடைய கூட்டாளியும், யெல்லோ டாக் லினக்ஸின் பழைய கருவி ஒன்றைத் திருத்தி எழுதினார்கள். அதுதான் யம். எங்களைப் போலவே தங்கள் துறைக் கணினிகளைப் பராமரிக்கத்தான் எழுதினார்கள் என்று பிற்பாடு படித்தபோது கொஞ்சம் உறவு கொண்டாடத் தோன்றியது.

ஆரம்ப யம், ரெப்போ என்ற பேக்கேஜ் கிடங்கிலிருந்த ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனி ஹெடர் கோப்பை இறக்கியது. பிறகு எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்எம்எல் பட்டியலாக்கினார்கள். இறக்குவது சுலபமானது, ஆனால் அத்தனை பெரிய பட்டியலைப் பைத்தானில் அலசுவதற்குள் பெண்டியம் திணறியது. அலசும் வேலையை சி மொழிக்கு மாற்றிய பிறகுதான் மூச்சு வந்தது.

வேலையைவிட அதற்கு முந்தைய படிகளில் நேரம் போவது, திருமலைக்குப் போகிறவர்களுக்குப் புதிதல்ல. சுவாமி முன்னால் நிற்பது சில நொடி. காத்திருப்பதெல்லாம் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸின் கம்பார்ட்மெண்டுகளில். பேக்கேஜ் நிறுவுவதும் அப்படித்தான். 'ஏன் லேட்?' என்று கேட்டுப் பயனில்லை. எந்தக் கம்பார்ட்மெண்டில் நிற்கிறது என்று கேட்கவேண்டும்.

இதை நான் என் தப்பிலிருந்துதான் கற்றேன். லைன்தான் மந்தம் என்று முடிவுகட்டி, சித்தூர் வீட்டில் பிஎஸ்என்எல் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை கணக்கில்லாமல் இறக்க விட்ட பிளானில் அலாரம் வைத்து எழுந்து பேக்கேஜ்களைச் சேர்த்தேன். 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையோடு வந்த டிவிடிகளையும் கலந்து, லேபில் ஒரு பெட்டியை ரெப்போவாக்கினேன். அது பலித்ததால் என் முடிவு இன்னும் உறுதியானது. 2009-ல் ஃபெடோரா 11-உடன் பிரெஸ்டோ வந்தது. இணையம் விலை அதிகமான லெபனானில் இருந்துகொண்டு ஜோனத்தன் டீட்டர் உழைத்த யோசனை அது: முழுப் பேக்கேஜுக்குப் பதில் மாறிய துண்டை மட்டும் இறக்கி, மீதியை உங்கள் கணினியே கோர்த்துக்கொள்ளும். நம் ஊருக்கென்றே செய்தது என்று துள்ளினேன். இறங்கியது ஒரு நிமிடம். கோர்த்தது இருபது நிமிடம்.

பக்கத்து டெர்மினலில், கணினியின் சுமையைக் காட்டும் 'டாப்' ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிராசஸர் நூறு சதவீதத்தில் நின்றது. அதன்பின் அதுவே என் வழக்கம். பிராசஸர் சும்மா இருந்தால் குற்றம் லைனிலோ, பேக்கேஜ் தரும் மிரர் சர்வரிலோ. நூறைத் தொட்டால் கணக்கு கனம், பிரெஸ்டோவை நிறுத்து. 'டபிள்யூஏ' என்ற எண் ஏறினால் டிஸ்க் திணறுகிறது, ரேம் போதவில்லை. எதுவுமில்லாமல் பூட்டிக்கொண்டு நின்றால் ஆர்பிஎம் தரவுத்தளம் கெட்டிருக்கும். அதை மறுபடி கட்டவேண்டும்.

2015-ல் ஃபெடோரா 22-ல் யம் ஒதுங்கி டிஎன்எஃப் வந்தது. சார்புகளைத் தீர்க்கும் கணக்கில் கெட்டிக்காரன், நினைவகத்துக்குப் பசிக்காரன். 1 ஜிபி ஆக்கியிருந்த பெட்டிகளும் தடுமாறின. 2019-ல் ஃபெடோரா 31, 32-பிட் கர்னலையே கைவிட்டது. எங்கள் பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. சேத் விடால் அதற்கு ஆறு வருடம் முன்பே, சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்திருந்தார். எமன் என்று சிரித்த பையன்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

ஏலத்தில் ஒன்றை நானே எடுத்துக்கொண்டேன். திருப்பதி வீட்டில் டெபியன் 12 ஓடுகிறது. இதுபோன்ற 32-பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் தந்த கடைசி டெபியன் அது. அப்டேட் போட்டால் எல்லாம் முடிந்து, 'மேன்-டிபி' என்ற வரியில் நிற்கும்: உதவிப் பக்கங்களுக்கு அட்டவணை போடுகிறது.

"மாமா, ஹேங் ஆயிடுச்சு," என்றான் தங்கை மகன், பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோய்.

"தொடாதே. கடைசிக் கம்பார்ட்மெண்ட்," என்றேன்.