குளங்கள் சொன்ன சாட்சி

மாணவர்களே, டான்யூப் நதியில் அணைகள் அமைக்க ஹங்கேரியும் செக்கோஸ்லோவாகியாவும் 1977-ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டன. நிலத்தடி நீர் கெடும் என்றஞ்சி, 1989-இல் ஹங்கேரி வேலையை நிறுத்திவிட்டது. பிற்பாடு ஸ்லோவாகியாவுடனான வழக்கு ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தை அடைந்தது. 1997 செப்டம்பர் 25-இல் தீர்ப்பாயிற்று: இரு தரப்பிலும் தவறு உண்டு, பேசித் தீர்த்துக்கொள்க.

அத்தீர்ப்புடன் தனிக்கருத்து எழுதியவர்களுள் ஒருவர் இலங்கையராகிய நீதிபதி வீரமந்திரி. அவர் கொழும்பில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும், ஆஸ்திரேலியாவில் சட்டப் பேராசிரியராகவும் இருந்து, 1991-இல் ஹேக் சென்றவர். வளர்ச்சியும் வேண்டும், இயற்கையும் கெடலாகாது என்னும் நெறி நேற்றுப் பிறந்ததன்று என்று அவர் வாதித்தார். அதற்குச் சான்று யாது? தம் நாட்டின் பழங்குளங்களே! வயலுக்குப் பாய ஒரு குளம். மண்ணரிப்பைத் தடுக்க ஒரு குளம். வனவிலங்குகள் நீரருந்தக் காட்டினுள்ளே ஒரு குளம். மன்னன் நிலத்துக்கு உரிமையாளன் அல்லன், காவலனே என்ற மகிந்த தேரரின் அறவுரையையும் அவர் எடுத்துக்காட்டினார்.

உலக நீதிமன்றத்துக்குக் காவற்படை இல்லை. தீர்ப்புக்குப் பின்னும் அவ்விரு நாடுகளின் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. ஆயின் அச்சட்டம் பயனற்றதோ? அன்று. 2019-இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர் சிலர் எழுப்பிய கோரிக்கை, ஐக்கிய நாடுகள் சபை வழியாக அதே நீதிமன்றத்தை எட்டியது. தட்பவெப்ப நிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று, 2025 ஜூலை 23-இல் நீதிபதிகள் ஒருமனதாக உரைத்தனர்.

வீரமந்திரி 2017-இல் மறைந்தார். அக்கருத்துரையைக் கேட்க அவர் இல்லை. வினாவை எழுப்பியவர்களோ, உங்களைப் போன்ற மாணவர்களே.