நோட்டில் இல்லாத கட்டம்

வேலையை விட்டு ஏலகிரிக்கு வந்த பிறகும் ஒரு பழைய நோட்டை மட்டும் வைத்திருக்கிறேன். 1978-இல் பாலாற்றங்கரையில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கெழுதச் சேர்ந்தபோது மேஸ்திரி கொடுத்தது. லாட் எண், ஊறிய நாள், சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்த நாள், குறை, காரணம் என்று ஐந்து கட்டம்.

முதல் கோடையிலேயே ஒரு லாட் கெட்டது. வெயிலுக்குச் சுண்ணாம்பு வேகமாக வேலை செய்துவிட, தோலின் மேல்முகம் தொய்ந்துபோயிற்று. மேஸ்திரி யாரையும் திட்டவில்லை. சாயங்காலம் உட்காரவைத்து, "என்ன நடந்துச்சின்னு மொதல்லேர்ந்து சொல்லுங்கப்பா" என்றார். கேட்டு முடித்து ஒரு வரி எழுதச் சொன்னார்: 'சித்திரை, வைகாசியில் ஒரு நாள் முன்னாலேயே தொட்டியைப் பார்.' அடுத்த கோடையில் அந்த வரி எங்களைக் காப்பாற்றியது.

ஆவாரம் பட்டைக் காலத்து ஆட்களுக்கு நோட்டுகூட வேண்டியிருக்கவில்லை. பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் கிடந்த தோலின் ஓரத்தை அறுத்துப் பார்ப்பார்கள். நடுவில் வெளுப்பு தெரிந்தால் திரும்ப ஊறப்போடுவார்கள். கடுக்காய்த் தண்ணீரில் முடிப்பார்கள். லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோலுக்குப் பெயர் வாங்கித் தந்தது அப்படித் தேர்ந்த கண்தான். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் பட்டைக்குப் பதிலாக குரோம் உப்பில் பதனிடும் டிரம்கள் பெருகின. வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடிந்தது. அப்போதும் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு, சுருங்கினால் ஏன் என்று கேட்டோம்.

இவ்வளவு கேட்ட நாங்கள், டிரம்மிலிருந்து கொட்டிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

கேட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். அது தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போன கணக்கும், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் கணக்கும் அதில் உண்டு. பிறகும் பாடம் முடியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தோலுக்கு வந்த குறையை உடனுக்குடன் எழுதினோம். ஆற்றுக்கு வந்த குறையை நீதிமன்றம் எழுதவேண்டி வந்தது. இன்று ஷாப்பில் சேரும் பிள்ளைகளே, நோட்டுப் போடுங்கள். முதல் கட்டம் தண்ணீருக்கு.